சுலபமான ஆட்டம்

உள்பாவாடையின் மூன்றாவது அடுக்குக்கு நெரெய்தா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய அக்கா எர்மெலிந்தா பின்வாசல் வழியாக வந்தாள். விழா நாளில் காலை பத்து மணிக்கு அவள் இருக்கவேண்டிய இடம் மைதானத்தில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். கையில் கிழங்கு மாவு அப்பியபடியே காய்ந்திருந்தது. நண்டு மசாலா வாசம் அவளுக்கு முன்பாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

"என்னக்கா, அடுப்பை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

"மருமக பாத்துக்குவா. நீ முதல்ல இஸ்திரிப் பெட்டியக் கீழ வை. வைடி, சொல்றேன்ல."

வைத்தாள். அக்கா உட்காரவில்லை. கஞ்சி போட்டு விறைத்து நின்ற பாவாடையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அத்தானுக்குக் கண்ணு போச்சுடி. முழுசா இல்ல, நடுவுல மட்டும். ஈஸ்டருக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. மூஞ்சி இருக்கற எடத்துல புகை மண்டிக் கெடக்காம். ஊசி போட்டா இருக்கறது நிக்கும், போனது வராதுன்னுட்டார் டாக்டர். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

"அப்புறம் எங்கிட்ட சொல்றியே?"

"நீதானே ஆடப் போறே."

மற்ற இடங்களில் மேளத்துக்கு ஆள் ஆடும். இந்தக் கடலோர லோயிசாவில் ஆளுக்கு மேளம் ஆடவேண்டும். பொம்பா என்கிற இந்த மேள ஆட்டத்தின் முறை அது. பெரிய மேளம் தன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். முதல் மேளக்காரன் மட்டும் ஆடுபவளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அவள் தோளை வெட்டினால் அதற்கொரு அடி, பாவாடையைச் சுழற்றினால் அதற்கொரு அடி. அவனைத் தடுக்கி விழவைக்கப் பார்ப்பதுதான் அவளுடைய ஆட்டம். ஊரின் முதல் மேளக்காரர் அத்தான் ஒதிலியோதான்; அவரை முப்பத்தோரு வருஷமாகத் தடுக்கிவிடப் பார்ப்பவள் நெரெய்தா. இடது தோளை ஏற்றிக் காட்டிவிட்டு வலது பக்கம் பாவாடையை வீசுவாள். அந்தப் பொய்க்காகவே ஓர்லாண்டோவுக்குப் பிழைக்கப் போனவர்கள்கூட விமானம் ஏறி வருவார்கள்.

போன வாரம் ஒத்திகையில் அத்தான் இரண்டு அடி தப்பினார். மழையில் தோல் நமுத்துவிட்டது என்றார். மழை பெய்ததும் உண்மைதான். நெரெய்தா மறுநாள் ரொட்டிக் கடையில் நின்று அவரைக் கவிழ்த்துவிட்டதாக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். இப்போது அந்த நினைப்பே முகத்தில் சூடாக ஏறியது.

"கோணங்கித்தனம் ஒண்ணும் வேணாம்டி இன்னிக்கு," என்றாள் அக்கா. "நாலடி வலது, நாலடி இடது, பாவாடைய ஒரு வீசு, ஒரு கும்பிடு, வந்துடு. அவரு கைக்குப் பழகின ஆட்டம். பாக்காமலே அடிச்சிடுவார்."

"தப்பினா?"

"தப்பினா அடுத்த வருஷம் அவரோட முக்காலியில பெரிய மேளம் அடிக்கற வீத்தோ உக்காருவான். நல்லவன்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இவரு எங்க போய் உக்காருவார், சொல்லு? வீட்ல எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டா?" ஒரு கணம் நிறுத்தினாள். "அதுவும்தான் தெரியலயே மனுஷனுக்கு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அக்காவின் கன்னத்தில் மாவும் கண்ணீரும் கலந்து ஒரு கோடு இழுத்திருந்தது. நெரெய்தா துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள். "சரிக்கா, சுலபமாவே ஆடறேன்," என்றாள்.

நான்கு மணிக்கு வாதாம் மர நிழலில் வட்டம் கூடியது. முன்னால் ஆடிய இளம் பெண்கள் எல்லோருடைய அடியும் ஒன்றுபோலவே இருந்ததால் ஒதிலியோ சமாளித்துவிட்டார். நெரெய்தா செருப்பைக் கழற்றியதுமே கூட்டம் எழுந்துவிட்டது.

"நெரெய்தா, கெழவன விடாதே!"

அவள் மேளத்தின் முன்னால் வந்து குனிந்து வணங்கினாள். அவர் கண்கள் நேராக அவள் முகத்தின் மேல் இருந்தன. எப்போதையும்விடப் பளபளப்பாக.

"வந்துட்டியா கொழுந்தியா? இடுப்பு வலி தேவலையா?"

"என் இடுப்ப விடுங்க அத்தான். உங்க கைக்கு எண்ணெய் போட்டீங்களா? போன வாரம் துருப்புடிச்சிருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. அவள் ஆடத் தொடங்கினாள். வலது நான்கு, இடது நான்கு, ஒரு வீச்சு. ஒவ்வொன்றுக்கும் மேளம் பதில் சொன்னது. கைதட்டினார்கள், பள்ளிக்கூட விழாவில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ தட்டுவதுபோல. இன்னொரு சுற்று போனாள். கும்பிட்டுவிட்டு விலகலாம் என்று கைகளைத் தாழ்த்தியபோது, அவள் அசையாமல் நிற்கும்போதே, மேளம் மூன்று அடி ஓங்கி அடித்தது. கேட்காத கேள்விக்குப் பதில். கூட்டம் வேடிக்கை என்று நினைத்து "ஏய்!" என்றது. மறுபடியும் மூன்று அடி.

நெரெய்தா கும்பிடுவதுபோல் அருகே போனாள். ஒதிலியோ சிரித்த முகம் மாறாமல் தணிந்த குரலில் கேட்டார்.

"காலையில எர்மெலிந்தா உன் வீட்டுக்கு வந்தாளா?"

அவள் பார்வை கூட்டத்தில் அக்காவைத் தேடியது.

"முப்பத்தோரு வருஷமா என்னைக் கவுக்கப் பாத்தவ நீ. இன்னிக்கு என்னடி, கையப் புடிச்சு ரோட்டைத் தாண்ட வைக்கறே?"

"அத்தான், ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அவங்களாவது பாக்கட்டும்."

கூட்டத்தின் ஓரத்தில் அக்கா நின்றிருந்தாள், சட்டுவம் இன்னும் கையில். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடைசிக் கும்பிடுக்காக நெரெய்தாவின் முழங்கால் பாதி மடங்கிவிட்டது. இன்னும் ஒரு சாண் குனிந்தால் போதும். அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், முக்காலியும் நிற்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த மனுஷருக்கும் தனக்கும் மட்டும் தெரியும். ஆயுசுக்கும் தெரியும்.

நிமிர்ந்தாள். இரண்டடி பின்வாங்கினாள். இடது தோளை ஏற்றி, வலது பக்கம் வீசினாள்.

மேளம் இடதுக்கே போய் விழுந்தது.

"கவுந்தாண்டா கெழவன்!" என்று யாரோ கத்த, வட்டமே சிரித்தது. அவள் மறுபடி வீசினாள். அடி தாமதமாக வந்தது. இந்த முறை சிரிப்பு பாதியாகக் குறைந்தது. "ஒதிலியோவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு குரல் கேட்டது. பெரிய மேளத்தில் வீத்தோவின் தாளம் பிசகவில்லை. ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது ஒதிலியோ முகத்தைத் திருப்பினார். மெதுவாக, அவளை விட்டு விலக்கி, கடல் பக்கமாக. பேச்சுவார்த்தை முறிந்தவர்கள் தெருவில் திருப்பிக்கொள்வார்களே, அப்படி. கூட்டம் அடங்கிவிட்டது. ஆடுபவளிடமிருந்து முகத்தைத் திருப்புவதும் முக்காலியை விட்டு எழுந்து போவதும் இங்கே ஒன்றுதான்.

"இதென்னப்பா மரியாதை?" என்றார் முன்வரிசைக் கிழவர்.

நெரெய்தாவுக்கும் ஒரு மூச்சு நேரம் நெஞ்சில் குத்தியது. பிறகு புரிந்தது. புகை நடுவில்தான், ஓரத்தில் இல்லை. ஊருக்காக இத்தனை நேரம் முகத்தை நேரே வைத்திருந்தார். அதனாலேயே அவள் ஒருத்தி மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தாள்.

வட்டத்தில் வேறு யார் கண்ணிலும் படாதபடி, பாவாடைச் சரிகையை ஒரு விரல் அகலம் மட்டும் தூக்கினாள்.

மேளத்தின் விளிம்பில் ஒரு விரல் தட்டியது.

அவள் பாய்ந்தாள். தோள், இடுப்பு, வீச்சு, பொய், மறுபடி பொய். சிலது கிடைத்தது, சிலது நழுவியது. ஊர் ஒவ்வொருவராகப் புரிந்துகொள்வது அவளுக்குத் தோலில் தெரிந்தது. கூச்சல் நின்று, நின்ற இடத்திலேயே கால்கள் தாளம் போடத் தொடங்கியிருந்தன. அக்கா இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை.

பாவாடையின் இரு ஓரங்களையும் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நெரெய்தா அப்படியே நின்றாள். காற்று வந்து துணியை நிறைத்தது. பெரிய மேளம் போய்க்கொண்டே இருந்தது. ஒதிலியோவின் முகவாய் கடலைப் பார்த்திருக்க, அவருடைய கை தோலுக்கு ஓர் அங்குலம் மேலே விரிந்து காத்திருந்தது. இடதா வலதா என்று அவள் இன்னும் காட்டவில்லை.