டூபா நுழையாத வாசல்

இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினான்கு வருடம் கழித்து, ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியிலுள்ள எங்கள் ஊரில் படைவீரர்களுக்கான கல்லறைத் தோட்டம் தயாரானது. வடிவமைத்தவர் ரோஸ்விதா லோமையர் என்ற அம்மாள். நெஞ்சளவு உயரத்தில் எரிமலைக் கல் சுவர். சிலை கிடையாது, சிங்கம் கிடையாது. முகப்பில் ஒரு சின்னக் கல்மண்டபம். தோட்டத்துக்குள் போக அதன் வாசல்தான் ஒரே வழி; அதில் ஓர் ஆள்தான், அதுவும் குனிந்துதான், நுழைய முடியும்.

திறப்பு விழாவுக்கு எங்கள் ஊர் பேண்டு வாசிப்பதாக ஏற்பாடு. கிளாரினெட்டோடு நான் சுலபமாக நுழைந்துவிட்டேன். பின்னால் வந்த பால்தசார் டூபாவோடு சிக்கிக்கொண்டான். பித்தளை வாத்தியங்களிலேயே பெரியது அது. வாய் மட்டுமே அண்டா அகலம். சாய்த்தான், திருப்பினான். ஊஹூம்.

“வயித்த உள்ள இழுடா!” என்று கத்தினார் பேண்டு மாஸ்டர் கிளாசன்.

“என் வயிறு எப்பவோ உள்ள போயிடுச்சு மாஸ்டர். டூபாவோட வயிறுதான் மாட்டிக்கிச்சு!”

பின்னால் மேயர், பாதிரியார், மொத்த ஊர். கிளாசன் அம்மாளிடம் பாய்ந்தார்.

“வாசல் கட்டச் சொன்னா பூனை போற சந்து கட்டி வெச்சிருக்கீங்களேம்மா!”

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அணிவகுத்துப் போனவங்கதான் ஐயா இங்க படுத்திருக்காங்க. பார்க்க வர்றவங்களாவது ஒவ்வொருத்தரா வரட்டுமே.”

கிளாசன் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “சரி, சுவத்துக்கு மேல தூக்குங்கடா” என்றார்.

டூபாவை மேயர் கையில் திணித்துவிட்டு, அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி உள்ளே போனான் பால்தசார். போனவன் போனவன்தான்.

“டேய் பால்தசார்! கை கடுக்குதுடா!” சுவருக்கு வெளியே மேயர் அலறினார்.

நான் தேடிப் போனேன். தரையோடு பதித்த ஒரு கல்லின் முன் மண்டியிட்டிருந்தான். அவன் தம்பி லெயோவின் கல். பக்கத்துக் காட்டுச் சண்டையில் செத்துப்போன பையன்; அவனை இங்கே மாற்றிப் புதைத்தபின் அண்ணன் பார்ப்பது அன்றுதான் முதல் முறை. எழுத்துகளிலிருந்த மண்ணை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“பேரை ஒழுங்கா வெட்டியிருக்காங்கடா” என்றான்.

டூபாவை நானே போய் வாங்கிவந்தேன். அவன் எழுந்து வரும்வரை கிளாசன் குச்சியைத் தூக்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும் அம்மாள் தயங்கியபடி பால்தசாரிடம் வந்தார். “வாசலை இன்னும் ரெண்டு சாண் கூட்டி அகலமாக்கிடட்டுமா?”

“வேண்டாம்மா. டூபாவோட வந்திருந்தா நேரா வரிசையில நின்னு ஊதிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வெறுங்கையோட வந்ததாலதான் தம்பிகிட்டப் போனேன்.”

அம்மாள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கிளாசன் கனைத்தார்.

“மதுக்கடைக்கு வாங்கம்மா. இன்னிக்கு பீர் என் கணக்கு.”