நாலு விரற்கடை மண்ணீரல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கண்டிக்கு அருகே கெலிஓயாவில் ஒரு கல்யாண வீடு. ஆறு பேர் ஒரே சஹன் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தபோது ஒருவர் இதைச் சொன்னார். எனக்கு எதிரே இன்னொரு எழுத்தாளன். சோற்றில் அவன் கை நின்றுபோனதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இவன் எழுதிவிடுவான்! முந்திக்கொண்டேன்.

2

'1935 தை மாதம். மலேரியாக் காய்ச்சல் கண்டிப் பக்கமெல்லாம்...' சீ, இப்படித்தான் அவனும் தொடங்குவான்.

'ஜெஸீமாவின் மகள் பஸீஹாவுக்கு மட்டும் காய்ச்சல் வரவில்லை. அதுதான் ஜெஸீமாவின் துயரம்.' இது இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க மருந்துக்காரர், அப்போதிக்கரி வந்தார். பிள்ளைகளை வாங்குப் பலகையில் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தால் மலேரியா என்று கணக்கு; வகுப்பு வாத்தியார் ஹபீல் மாஸ்டர் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்வார். பெயர் விழுந்த வீட்டுக்கு அரிசி, டின்பால். கூட்டுறவுச் சங்கக் கடனைக் கட்டவும் கூடுதல் தவணை. ஜெஸீமாவின் புருஷன் மர்சூக்கின் சந்தை வியாபாரம் படுத்து இரண்டு மாதம். வீட்டில் அரிசிப்பானை காலி.

அடுத்த வீட்டு ரபீகாவின் மகன் லாபிருக்கு நாலு விரற்கடை வீக்கம். பஸீஹாவுக்கு ஒன்றுமில்லை.

ரபீகா வேலிக்கு மேலால் பாதிப் பாலை நீட்டினாள். "புள்ளைக்குக் குடுங்க ராத்தா."

ஜெஸீமா வாங்கினாள். வாங்கிய பிறகு இன்னும் எரிந்தது. (ரபீகாவைக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறவளாக எழுதிப் பார்த்தேன். படியவில்லை. நல்லவளாகவே இருந்து தொலைக்கிறாள்.)

3

காய்ச்சலைத் தடுக்கும் குயினைன் குளிசை மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் கொடுத்தார்கள்.

"நாக்குக்கடியில வெச்சிக்கோங்க. மாஸ்டர் அங்கால திரும்பின ஒடனே துப்பிடணும்," என்றாள் ஜெஸீமா மகளிடம்.

"ஏன் உம்மா?"

"அடுத்த முறை சோதிக்கக்குள்ள உங்கட பேரும் விழணும்."

லாபிர் காய்ச்சலோடு ஓடியாடித்தானே திரிகிறான், இவளுக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று நினைத்தாள். (பெற்ற தாய் இப்படிச் செய்வாளா என்று பேனையை வைத்துவிட்டேன். பிறகு என்னை நினைத்துப் பார்த்தேன். நம்பிவிட்டேன்.)

4

மாசியில் பஸீஹாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் சோதனையில் அப்போதிக்கரி அமுக்கிப் பார்த்து, "மூணு விரல்," என்றார். பெயர் விழுந்தது. லாபிருக்கு வீக்கம் வற்றியிருந்தது. அவன் பெயரை வெட்டிவிட்டார்கள்.

"உங்களுக்குக் கெடச்சிட்டு ராத்தா," என்றாள் ரபீகா. அவள் கண் டின்னை விட்டு நகரவில்லை.

ஜெஸீமாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. (மூன்று தரம் வெட்டினேன் இந்த வரியை. அந்த எழுத்தாளன் எழுதினால் வெட்டியே விடுவான். நான் விட்டுவைக்கிறேன்.)

5

முடிவு அ: பஸீஹா பிழைத்துவிட்டாள். நீங்கள் ஜெஸீமாவை மன்னித்துவிடுவீர்கள்.

முடிவு ஆ: பஸீஹா... எழுதமாட்டேன். அழுதுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர் விழுந்த அன்று பின்னேரம் ஜெஸீமா பாலைக் கரைத்துக்கொண்டு பாயருகே உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பல் கிட்டி நடுங்கியது. கண்ணைத் திறந்து உம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"இந்த முறை நான் பாஸ்தானே, உம்மா?"

ஜெஸீமா என்ன சொன்னாள்? அந்த ஒரு வரிக்காக எட்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.