மார்புக்கு நேரே பலகை

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, அவன் மனைவி, சோலார் பேனல் மாட்டிய காண்ட்ராக்டர், மானியம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரியம்மா. எதிர்மாடியில் துணி காயப்போடும் சாக்கில் தையல்காரர் நின்றார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பின்னால் பரவிய கதைகளெல்லாம் அவர் வாயிலிருந்து புறப்பட்டவை என்பதால் அவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழே ஐஸ் ஆலை, மேலே வீடு. இரண்டையும் கட்டியவர் அப்பா. அவருக்குப் பின் கட்டடம் என் பெயருக்கு வந்தது. ஆலையைத் தம்பி நடத்தினான். ஓயாமல் ஓடும் கம்ப்ரசர் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. மாடியில் பேனல் போட்டால்தான் ஆலை பிழைக்கும் என்றான். போடு என்றேன். கையெழுத்து கேட்டான், போட்டேன். மானியம் என்ற சொல்லை மட்டும் அவன் என் காதில் போடவில்லை.

அதிகாரியம்மா பேனல்களைச் சுற்றி வந்து, கம்பிகளை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு தகரப் பலகையை எடுத்தார். ‘அரசு மானியம் பெற்ற பயனாளி’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“பயனாளி இப்படி வந்து நில்லுங்க. பலகையை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கங்க. ஒரு போட்டோ.”

“யாரைச் சொல்றீங்க?” என்றேன்.

“உங்களைத்தான் ஐயா. கட்டடம் உங்க பேர்லதானே இருக்கு?”

“ஜெயில்லதான் இப்படிப் பலகை கொடுத்துப் படம் எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

காண்ட்ராக்டர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. ஓடிவந்து பலகையை வாங்கித் தன் மார்பில் வைத்துக்கொண்டான். “மேடம், நான் பிடிக்கிறேன். ஆலை என்னோடதுதான்.”

“நீங்க பிடிச்சா செல்லாது சார்.”

“மானியம் வரலேன்னா நான் எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிருவேன், இப்பவே சொல்லிட்டேன்,” என்றார் காண்ட்ராக்டர். “அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

தம்பி என் பக்கம் திரும்பினான். “அண்ணா, ஒரு நிமிஷ வேலை. இது போச்சுன்னா ஆலைய இழுத்து மூட வேண்டியதுதான்.”

“வெள்ளம் வந்த வருஷம் வாசல்ல கொடுத்த நிவாரணப் பொட்டலத்தையே திருப்பி அனுப்பினவர்டா அப்பா.”

“தெரியும். அந்த வாரம் பூரா பசியில அழுதது நான்தானே.”

அந்நியர் முன்னால் சொல்கிற பேச்சா அது? என் உடம்பு கூசிப்போனது.

தம்பி மனைவிக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம். “மாமா, உங்க தலைக்கு மேல சுத்துற ஃபேன் இந்தப் பேனல்லதான் சுத்துது. அதுல வர்ற காத்துக்கு மானம் போகலையா?”

“இன்னையிலேர்ந்து அது சுத்தாதும்மா.”

அதிகாரியம்மா நல்ல பெண். வெயிலில் முகம் சிவந்து நின்றும் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, மந்திரி வீட்டு மாடியிலயும் இதே பலகைதான்.”

“அப்ப அவரையே கூப்பிட்டு நிறுத்துங்க. அவருக்குப் பழக்கம் இருக்கும்.”

எதிர்மாடியில் ரேடியோ கையிலிருந்த சட்டையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தம்பி மண்டியிட்டான். கொதிக்கிற தளத்தில், வேட்டியோடு முழங்காலூன்றி, என் காலைப் பிடித்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன்.

“எழுந்திரு,” என்றேன். “எதிர்வீட்டுக்காரன் பார்க்கிறான்.”

அவன் எழவில்லை. அதிகாரியம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “போட்டோவை விடுங்க ஐயா, நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன். நீங்கதானே பயனாளி? ஆமான்னு ஒரு வார்த்தை வாயால சொல்லுங்க, போதும்.”

என் காலைப் பிடித்திருந்த கைகள் இறுகின. ஐஸ் பாளம் தூக்கித் தூக்கி மரத்துப்போன கைகள். அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தன.

“இல்லை,” என்றேன்.

அவர் கைப்பேசியில் ஏதோ அழுத்தினார். “பயனாளி மறுத்துட்டார்னு பதிவாயிருச்சு. இனிமே யார் நினைச்சாலும் மாத்த முடியாது.” பலகையைத் தம்பியின் பக்கத்திலிருந்து குனிந்து எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் சொன்னபடியே ஆட்களோடு வந்து பேனல்களை இறக்கினார். அடுத்த கரண்ட் பில்லைக் கட்ட முடியவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கம்ப்ரசர் நின்ற அன்று வீட்டில் அப்படியோர் அமைதி. தொட்டியிலிருந்த பாளங்கள் உருகி வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடின. ஐஸ் வாங்க வந்த மீன் வண்டிக்காரர்கள் அந்தத் தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பி இப்போது வேறொருவர் ஆலையில் பாளம் தூக்குகிறான் என்று கேள்வி. பேனல் போல்ட் போட்ட ஓட்டைகள் வழியாக மழைக்காலத்தில் என் அறையில் ஒழுகுகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன். கூரையைச் சரிசெய்யவும் ஏதோ மானியம் உண்டாம். நான் விசாரிக்கவில்லை.

தம்பி என்னிடம் கோபித்துக்கொண்டு பெண்டாட்டியோடு வீட்டை விட்டு வெளியேறிவிட்டான் என்று ரேடியோ சொல்லித் திரிகிறார். அது தவறு. அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை; உருகிய தொட்டியைக் கழுவிவிட்டு, கீழே ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் அண்ணா என்றுதான் கேட்டான். நான்தான் போகச் சொன்னேன்.