இன்னும் இறங்குது

1

இந்தக் கதை என்னுடையதில்லை. என் நாத்தனாரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், கை காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் ஒரு தொட்டியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். அவள் எழுந்து போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவள் பொறியாளர். கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலம் எல்லாவற்றையும் அரித்துவிடுகிறது, கான்கிரீட்டையும்கூட...’

அடித்துவிட்டேன். காலம் ஒரு பாவமும் செய்யவில்லை. அரித்தது வாயு. கழிவுநீரிலிருந்து கிளம்பி, மேலே ஈரச் சுவரில் பட்டு அமிலமாக மாறுகிறது. அதனால் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சுவர் திடமாக இருக்க, நீருக்கு மேலே காற்றில் நிற்கும் பகுதிதான் நனைந்த பிஸ்கட்டைப் போல உதிர்கிறது. (நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். நீங்களும்தானே?) பிறகு உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்க, சுவர் வெடிக்கும். பழைய தொட்டி பதினோரு வருடத்தில் கசியத் தொடங்கியது; நாற்றத்தில் பின்தெருக்காரர்கள் ஜன்னல் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

2

புதுத் தொட்டியை அவள் கையில் கொடுத்தார்கள். சுவரைத் தடியாகக் கட்டினால் போதும் என்றார்கள் மற்றவர்கள். தடிமனில் ஒன்றுமில்லை, சுவருக்குள் நுண்துளை இருக்கக் கூடாது என்றாள் இவள். கலவையில் தண்ணீர் குறைவு. சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதில் நிலக்கரிச் சாம்பல். கம்பிகள் சுவரின் முகத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. நீர்மட்டத்துக்கு மேலே அமிலம் தாங்கும் பூச்சு.

[இங்கே மேஸ்திரியை வில்லனாக்கி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். ‘மீசையை முறுக்கியபடி அவர்’ என்று ஆரம்பம். நாத்தனார் படித்துவிட்டு, “அவருக்கு மீசையே கிடையாது அண்ணி” என்றாள். இரண்டு பத்தியும் போயின.]

உண்மையில் அவர் பயந்த மனிதர். கெட்டியான கலவை கம்பிகளுக்கிடையே சரியாக இறங்காமல் பொந்து விழுந்துவிடுமோ என்று பயம். கான்கிரீட் போட்ட நாளில், மூன்றாவது கலவை லாரி வந்ததும், குழாயை எடுத்து லாரிக் கலவைக்குள் தண்ணீர் விடச் சொல்லிவிட்டார். சாரத்தின் மேலிருந்து நாத்தனார் பார்த்துவிட்டாள். அதிகப்படித் தண்ணீர் உலர்ந்து போகும்போது துளைகளை விட்டுப்போகும், அமிலத்துக்கு அதுதான் வாசல். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள்.

3

இங்கிருந்து நான் மெதுவாக எழுத வேண்டும். முடியவில்லை.

அடுத்த லாரி வர நாற்பது நிமிடம். சுவர் பாதியில் நிற்கிறது, வெயில் ஏறுகிறது. போட்ட கலவை இறுகிவிட்டால் புதுக் கலவை அதோடு ஒட்டாது; சேருமிடம் ஆயுசுக்கும் கசியும். லாரியை ஏற்றாலும் கெடுதல், அனுப்பினாலும் கெடுதல்.

“இந்த இடத்துல கசிஞ்சா யாரு பதில் சொல்றது?” என்றார் மேஸ்திரி.

“நான் சொல்றேன்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு கலவை ஆலைக்கு அவரே போன் செய்து, தப்பு தன்னுடையது என்று சொல்லி, தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் மருந்து கலந்து உடனே ஒரு லாரி அனுப்பச் சொன்னார். சுவரின் மேல்பக்கத்துக்குச் சாக்கால் நிழல் கட்டச் செய்தார். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கொருமுறை, கலவையை அதிரவைத்துப் படியவைக்கும் வைப்ரேட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தன் எடையிலேயே அது கலவைக்குள் இறங்கினால் உயிர் இருக்கிறது, நின்றுவிட்டால் போச்சு.

பத்தாவது நிமிடம் இறங்கியது. இருபதாவது நிமிடமும். முப்பத்தைந்தில் நாத்தனார் கேட்கவே பயந்தாள், ஆனாலும் கேட்டாள்.

“இன்னும் இறங்குது,” என்றார். “ஆனா யோசிச்சு யோசிச்சு இறங்குது.”

லாரி வளைவில் திரும்பிய சத்தம் கேட்டபோது இவள் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். (எழுதும் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.) புதுக் கலவையை ஊற்றி, வைப்ரேட்டரைப் பழைய அடுக்குக்குள்ளும் இறக்கி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

4

முடிவு ஒன்று: ஏழு நாள் தண்ணீர் நிரப்பி வைத்த சோதனையில், சேர்ந்த இடத்தில் ஈரக்கோடு தெரிகிறது, அவள் தலைகுனிந்து...

வேண்டாம். சோகம் வைத்தால் ஆழமான எழுத்து என்பார்கள், அந்த ஆசையில் எழுதிப் பார்த்தது. நடந்தது வேறு. ஏழாம் நாள் காலை மேஸ்திரி சுவரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். அந்த இடம் வந்ததும் கையை நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

“காஞ்சு கெடக்கு தாயி,” என்றார். அவருடைய மகள் வயது அவளுக்கு. அதுவரை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

இவள் ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்தாளாம். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் தொட்டி கசியாது என்று அவள் வாக்குக் கொடுத்திருப்பது அறுபது வருடத்துக்கு. என்னால் அவ்வளவு தூரம் எழுத முடியாது. பூச்சு காய்ந்து, தொட்டியில் கழிவுநீர் விட்டாயிற்று. மேலே மூடியும் போட்டாயிற்று. இனி உள்ளே என்ன நடக்கிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே நிபந்தனை. எதுவும் நடக்கக் கூடாது.