கறுப்பு ஜன்னலில் ஓடிய வரி

மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் அம்மா. கதவோரம் ஆபரேட்டர் அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி. பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில், ஃபோல்டரில் போடும் ரிப்போர்ட்டுகளைத் தானாக டாக்டர் பக்கம் நகர்த்தும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்த தம்பி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அன்று காலை வேறு யாருமில்லை. மேசை நடுவே தலைமை அலுவலகத்துக்கான உறை, இன்னும் ஒட்டவில்லை. உள்ளே அக்காவின் மேல் இரண்டாவது புகார். இது போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேலை இல்லை.

முந்தின நாள் மூன்று ரிப்போர்ட்டுகள் டாக்டருக்குப் போகவில்லை. ஒருவரின் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது.

"ஸ்கிரிப்ட் நடந்ததைக் குறிச்சு வைக்கற லாக் ஃபைல்ல ஒரு பிழைகூட இல்லையே! பிழை வந்தா அதுல விழும்னு தம்பி அடிச்சுச் சொல்றார். அப்போ நீங்கதான் அந்த மூணையும் ஃபோல்டர்ல போட மறந்திருக்கீங்க," என்றார் மேனேஜர் அம்மா.

"போட்டேன் மேடம். ஸ்கிரிப்ட் ஓடறப்போ கம்ப்யூட்டர்ல திறக்குமே, அந்தக் கறுப்பு ஜன்னல்ல என்னமோ ஓடுச்சு. படிக்கறதுக்குள்ள மூடிக்கிச்சு."

"கனவு கண்டிருப்பீங்கக்கா," என்று தம்பி சிரித்தான்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "சரி தம்பி. ஜன்னல் மூடாம நிக்கற மாதிரி ஸ்கிரிப்ட் கடைசியில ஒரு வரி போடுங்க. நேத்து டெக்னீஷியன் அந்த மூணையும் திருத்தறதுக்குத் திறந்து வெச்சிருந்தார். நானும் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து வெச்சுக்கறேன். இப்ப ஓட்டுங்க."

ஓட்டினான். கறுப்புத் திரையில் ஒரு வரி அசையாமல் நின்றது: ஃபைல் வேறெங்கோ திறந்திருக்கிறது, நகர்த்த முடியவில்லை. லாகில் வழக்கம்போல் 'முடிந்தது'.

தம்பியின் முகம் தொங்கியது. "ஸ்கிரிப்டுக்கு ரெண்டு வாய் மேடம். பலனைச் சொல்ல ஒண்ணு, குறை சொல்ல ஒண்ணு. முதல் வாயை லாக் பக்கம் திருப்பிட்டு, அப்புறம்தான் ரெண்டாவதுகிட்ட 'அது போற இடத்துக்கே நீயும் போ'ன்னு சொல்லணும். நான் முன்னாடியே சொல்லித் தொலைச்சுட்டேன். அப்போ முதல் வாய் திரையைத்தான் பார்த்துட்டிருந்துச்சு. குறையெல்லாம் திரைக்கே போயிடுச்சு."

"எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். பாராட்டு ஊருக்கு, குறை மட்டும் எனக்கு," என்றார் அக்கா.

மேனேஜர் அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி வரிசையை மாற்றி மறுபடி ஓட்டினான். பிழை லாகில் வந்து விழுந்தது. பழைய கடிதம் நாலாகக் கிழிந்தது. மேனேஜர் அம்மா புதிய தாளை எடுத்தார்.

"யார் தப்புன்னு எழுதட்டும்?"

"வரிசை மாறிப்போச்சுன்னு எழுதுங்க மேடம். பேர் எதுக்கு?" என்றார் அக்கா.

"இல்ல, என் பேரைப் போடுங்க," என்றான் தம்பி. "அக்கா பேர் இருந்த அதே இடத்துல."

அக்கா மறுக்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பிறகு தாளை மடித்து, உறையின் வாயைத் தன் கையாலேயே ஒட்டி, வாசலில் நின்ற கூரியர்காரரிடம் கொடுத்தார்.