சோணையம்மாள் கற்றுக்கொடுத்த சொல்

நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போயிருக்கிறீர்களா? சுருளிப்பட்டிக்கு மேற்கே, தோட்டத்து நடுவில் இருந்த ஒற்றை வீட்டில் சோணையம்மாளுக்கு வருஷத்தில் பாதி அப்படித்தான் போனது. வீட்டில் இன்னொரு ஜீவன் உண்டு. மகள் ராமுத்தாய், ஆறு வயசு. அதற்குப் பேச்சு வரவில்லை.

காது நன்றாகக் கேட்கும். தூரத்துக் கிணற்றில் கமலை இறைக்கும் மாட்டுச் சலங்கை குலுங்கினால் இங்கே தலையை ஆட்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பாது. யார் முகத்தையும் பார்க்காது. புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் கூரை இடிந்து விழுந்த மாதிரி அலறும்.

சோணையம்மாள் ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் கருத்தக்கண்ணனுக்கு மலைமேல் வெள்ளைக்காரத் துரையின் ஏலக்காட்டில் வேலை. கல்யாணத்தன்றுகூடக் கங்காணி அவனை இறங்க விடவில்லை. அதனால் அவனுக்குப் பதிலாக அவன் கைக்கம்பு வந்தது. அந்தக் கம்பை மணையில் சாத்தி வைத்து, அவனுடைய அக்கா பஞ்சம்மாள்தான் தாலி கட்டினாள். அவர்கள் வழக்கத்தில் அதில் குறை ஒன்றுமில்லை. ஆள் வர முடியாவிட்டால் ஆளுடைய பொருள் வந்தால் போதும். சோணையம்மாள் அந்தக் கம்பைத்தான் முதலில் கும்பிட்டாள். ஆளைப் பார்த்தது பிறகு.

மாசி மாசம் ஒருநாள் பஞ்சம்மாள் ஊருக்குள்ளிருந்து வந்தாள். வரும்போதே சத்தம்.

"ஏ சோணை, தம்பி சொல்லி விட்டிருக்கான். வீரபாண்டித் திருவிழாவுக்கு எறங்கி வாரான். திரும்பிப் போறப்ப புள்ளையக் கூட்டிட்டுப் போறானாம். குமுளிக்கு அங்கிட்டு ஒரு மலையாளத்து வைத்தியர் இருக்காராம். மஞ்சக்கொம்பச் சுட்டு நாக்குல வச்சா நரம்பு எளகிப் பேச்சு வந்துருமாம்."

"நாக்குலயா மதினி?"

"பின்ன, காலுலயா வைப்பாக? வசம்பு ஒரசியாச்சு, கோயில் மணியில தண்ணி ஊத்திக் குடிக்கக் குடுத்தாச்சு. என்ன ஆச்சு? நீயே வாயத் தொறக்காதவ. ஒன் வயித்துல பெறந்தது மட்டும் கச்சேரியா வைக்கும்?"

"புள்ள தாங்காது மதினி."

"அப்பப் பேச வையி. பெத்த அப்பன ஒரு தடவ அய்யான்னு கூப்பிட்டுருச்சுன்னா, அவன் எதுக்குத் தூக்கிட்டு அலையப் போறான்?"

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கச் சோணையம்மாள் பிள்ளையின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா சொல்லு ஆத்தா, அய்யா" என்று கெஞ்சினாள். பிள்ளை கையைத் தட்டிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு ஒரு பழக்கம். கஞ்சி ஊற்றும்போது தனக்குத்தானே, "ஊத்து, ஊத்து, போதும்" என்று சொல்லிக்கொள்வாள். ஒருநாள் அடுப்புப் புகையில் இருமல் வந்து "ஊத்து, ஊத்து" என்பதோடு நின்றுவிட்டது. அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை சொன்னது, "போதும்."

சோணையம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சந்தோஷத்தில் கத்தினால் பயந்துவிடும் என்று தோன்றியது. மறுநாள் வேண்டுமென்றே நிறுத்தினாள். வந்தது. ஆசையில் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வரவில்லை. அப்படித்தான் அவளுக்குப் பிடிபட்டது: கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. காத்திருக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே வழியில் "தண்ணீர்" வந்தது. "கதவு" வந்தது. அடுத்து "அய்யா" வர வேண்டும். காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. கொடியில் அவனுடைய பழைய கம்பளி தொங்கியது. புதுசு கிடைத்ததால் இதை விட்டுப் போயிருந்தான். புகையும் ஏலக்காயும் மணக்கும் கறுப்புக் கம்பளி. பிள்ளைக்கு அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்க்கப் பிடிக்கும். சோணையம்மாள் யோசிக்கவே இல்லை. கம்பளியைக் கையில் எடுத்து, "மலையிலருந்து வாரது அய்யா" என்பாள். சில நாள் போனதும், "மலையிலருந்து வாரது" என்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள்.

பங்குனி கடைசியில் அந்தச் சொல் வந்தது. உடனே கம்பளியை அதன் கையில் கொடுத்தாள். பிறகு தூக்கம் வரும்போதெல்லாம் பிள்ளை தானாகவே "அய்யா" என்றது. அய்யனை நினைத்து ஏங்குகிறது என்று சோணையம்மாள் அழுதாள்.

சித்திரையில் கருத்தக்கண்ணன் வந்தான். கூடவே பஞ்சம்மாள். அவன் முற்றத்தில் மூட்டையை இறக்கியதும் சோணையம்மாள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல், "மலையிலருந்து வாரது" என்று நிறுத்தினாள்.

பிள்ளை எழுந்தது. வாசல் நிலையைக் கடப்பதுபோல அவனைக் கடந்து வீட்டுக்குள் போனது. கொடியிலிருந்து கம்பளியை இழுத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அய்யா" என்றது. நல்ல கணீர்க் குரல்.

பஞ்சம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியாத்தி! கம்ப வச்சுத் தாலி கட்டுனோம், கம்பளிக்குப் புள்ள பெறந்துருச்சு."

"சும்மா இரு அக்கா." அவன் பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்தான். "தாயி, இங்கன பாரு. நாந்தேன் அய்யா."

பிள்ளை கம்பளியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் கை நீட்டியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவன் கையை மடக்கிக்கொண்டான்.

எழுந்து அக்காவைப் பார்த்துச் சொன்னான், "நாக்குக்கு ஒண்ணுமில்ல. சூடு வேணாம்."

சோணையம்மாள் கம்பளியைக் காட்டினாள். "உங்களுக்குப் பதிலா அதத்தேன் காட்டுனேன். வேற எதக் காட்ட?"

"ஒன்னையக் குத்தஞ் சொல்லல."

"ஒரு மாசம் இருங்க. உங்களயே காட்டிச் சொல்லிக் குடுத்துர்றேன். இப்ப எனக்கு வழி தெரியும்."

"கங்காணி ஏட்டுலருந்து பேர அடிச்சுருவான் புள்ள."

அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவன் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் கருத்தக்கண்ணன் தனியாக மலையேறினான். பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தது. சோணையம்மாள் களையெடுக்கப் போனாள்.