மூத்த கோளாறுக்குத் தட்டு வைக்கவில்லை

அருப்புக்கோட்டையில் பதினைந்து வருஷம் தாண்டிய கார்களின் கோளாறு, நேரில் போய் அழைத்தால்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வரும். அழைக்காவிட்டால் ரோட்டிலேயே நின்றுகொள்ளும். ஸ்கேனரைச் செருகினால் குறை ஒன்றும் இல்லை என்று காட்டும்.

மெக்கானிக் பியூலாவின் முன்னால் திருவேங்கடத்தின் பத்தொன்பது வருஷத்து வெள்ளைக் கார் அப்படித்தான் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் மட்டும் ரயில்வே கேட்டில் மூன்று தடவை அணைந்த கார். சாயங்காலம் நாலு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை. அங்கே ஒரு தடவை அணைந்தாலும் நேராகக் காயலான் கடைதான். அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவருக்குப் பிழைப்பு.

"கோளாறை எப்படி அண்ணாச்சி கூப்பிட்டீங்க?"

"வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினேம்மா."

"உங்க மச்சினன் வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினா கல்யாணத்துக்குப் போவீங்களா?"

"அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"கோளாறுக்கு மட்டும் மானம் ரோசம் கிடையாதோ?"

திருவேங்கடம் மனைவி பாக்கியத்தை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனார். கார் நின்ற இடத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டை நீட்டி, இருவரும் குனிந்து அழைத்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மறுபடி ஸ்கேனர். ஒன்றும் இல்லை. இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். அணையவில்லை. சூடு ஏறியது பியூலாவுக்குத்தான்.

"வேற தொந்தரவு உண்டா? மறைக்காமச் சொல்லுங்க."

"காலையில ஸ்டார்ட் ஆக அஞ்சு நிமிஷம் ஆகும். அது ஒன்பது வருஷமா இருக்கிறதுதானே."

"அதைக் கூப்பிட்டீங்களா?"

பாக்கியம் குறுக்கே வந்தாள். "அது எங்க வீட்டுப் போர்ட்டிகோவுலயே கிடக்கு. வீட்டு ஆளுக்கு எதுக்குத் தட்டு?"

பியூலா ஸ்பானரை மேஜையில் எறிந்தாள். "மூத்ததை விட்டுட்டு நேத்து வந்ததுக்குத் தட்டு வச்சிருக்கீங்க மதினி. மூத்தது வராம சின்னது எப்படி வாசப்படி ஏறும்? இது கூடவா சொல்லித் தரணும்?"

வீட்டுக்கு ஓடினார்கள். மூத்தது லேசில் இறங்கி வரவில்லை. "இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று போர்ட்டிகோ மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. பாக்கியம் இரண்டாவது காபி கொடுத்த பிறகுதான் எழுந்தது.

மூன்று மணிக்கு மூத்ததும் பின்னாலேயே சின்னதும் ஒர்க்‌ஷாப் வாசப்படி ஏற, இன்ஜின் இருமி அணைந்தது. பியூலாவுக்கு உயிர் வந்தது. ஸ்கேனரில் கிராங்க் சென்சார் என்று விழுந்தது. இன்ஜின் சுற்றுகிறதா என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது வாயை மூடிக்கொண்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, சூட்டில் ஓடாது. மூத்ததும் சின்னதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய சென்சாரைக் கழற்றிப் புதிதை மாட்டினாள். இரண்டு கோளாறுகளும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பின.

"சாப்பாடு கிடையாதா?" என்று சின்னது கேட்டது. பியூலா பானெட்டைச் சாத்தினாள்.

நாலு மணிக்கு ஆபீஸர் காரை மூன்று சுற்று ஓட்டினார். அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது. "கார் பாஸ்" என்று முத்திரை குத்தினார். திருவேங்கடம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீஸர் கீழே இறங்கி, ரோட்டின் தாரைச் சாவியால் சுரண்டிப் பார்த்தார்.

"ரோடு ஃபெயில். எடுத்துட்டுப் போயிடுங்க."

ரோட்டைப் பாய் மாதிரி சுருட்டினார்கள். காரின் மேலே ஏற்ற ஒரு முனையைத் திருவேங்கடம் பிடித்தார், மறுமுனையைக் கூடவே வந்திருந்த பியூலா.

"நேராப் பிடிங்க அண்ணாச்சி. பள்ளமெல்லாம் கொட்டுது."